ஏரம்பு ஓடாவியின் கடைசி வள்ளம்

உச்சிப்பொழுது. நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற காட்டு ரோட்டு. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை... விளக்கைத் தூண்டாதே யோகலிங்கம். இது உன் மனைவியின் பெரியப்பா வீரகத்திக்கு நடந்தது. ஐம்பத்தேழாம் ஆண்டு.

மாட்டுவண்டியில் புது வள்ளம் ஒன்றை ஏற்றி முல்லைத்தீவுக்கு விற்கக் கொண்டுபோனார். வண்டிக்காரன் மஹ்றூப் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீருக்கு ஓட்டிப் போனான். வெயிலுக்கு ஒதுங்கி, வீரகத்தி வள்ளத்துக்குள்ளேயே படுத்தார்.

அந்த வள்ளத்தைக் கட்டிய தச்சர் ஏரம்பு ஓடாவி. பர்மாச் சண்டையில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் படகு கட்டிய மனிதர். அவர்கள் கொடுத்த பட்டாளச் சப்பாத்தைக் கடைசிவரை காலிலிருந்து கழற்றவில்லை. வீரகத்தி சாயம் பூசிக் கொடுத்த அடிப்பலகை உளுத்தது என்று கண்டதும் வெடித்தார்.

"இதை வித்தா நாலு வீட்டிலை தாலி அறும். நான் விடமாட்டன்."

மறுநாள் ஓடாவி வள்ளத்துக்கு அடியில் குனிந்தபோது, வீரகத்தி முட்டுக்கட்டையை உதைத்தார்... முட்டு வழுக்கி, வள்ளம் சரிந்து ஓடாவி செத்தாரென்று ஊர் நம்பியது.

இப்போது, வள்ளத்துக்கு வெளியே... டொக். டொக்.

"விளையாடாதை மஹ்றூப்!"

எங்கேயோ தூரத்திலிருந்து குரல் வந்தது. "நான் இஞ்சை குளத்தடியிலை நிக்கிறன் முதலாளி! கனவு கண்டீங்களோ?"

குங்கிலியம் காய்ச்சுகிற வாசம். சரளையில் பட்டாளச் சப்பாத்து... சறக்... சறக்... வண்டியைச் சுற்றி வந்தது.

டொக். டொக்.

ஓடாவிமாரிடம் ஒரு வழக்கம். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, காய்ச்சிய குங்கிலியம் பூசி அடைக்குமுன் வெளியே நின்று தட்டுவார்கள். உள்ளே இருப்பவர் சரிபார்த்துத் திருப்பித் தட்டவேண்டும். தட்டினால், அடைக்கலாம் என்று அர்த்தம். இந்த வள்ளத்தைக் கட்டும்போது உள்ளே இருந்து தட்டியவர் வீரகத்திதான். பழகிய கை தானாகத் திருப்பித் தட்டியது...

டொக். டொக்.

தட்டிய பிறகுதான் உறைத்தது. சப்பாத்துச் சத்தம் நின்றது.

"ஏரம்பண்ணை... பலகையை மாத்திறன்... சத்தியமா மாத்திற..."

மஹ்றூப் குளத்தடியில் கேட்டது அவ்வளவுதான். ஓடிவந்து பார்த்தால் வள்ளம் ரோட்டில் குப்புறக் கிடந்தது. தனி ஆளால் அசைக்கவும் முடியவில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து புரட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

உள்ளே வீரகத்தி. வாய், மூக்கு, காது... எல்லாவற்றிலும் பஞ்சு திணித்து, மேலே குங்கிலியம் பூசி, காற்றுப் புகாமல் நேர்த்தியாக அடைத்திருந்தது.

மஹ்றூப் பதறிப்போய் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தான். அத்தனை நேரமாகியும் குங்கிலியம் ஆறி இறுகவில்லை. விரல் கொப்பளித்துப் போயிற்று.