பெட்டரி கொதிக்கிற சத்தம்

பெட்டரிக்கு ஊத்துற தண்ணி விசயத்தில மட்டும் நான் யாரையும் நம்புறதில்ல, சேர். போத்தல்ல விக்கிறதில பாதி குழாய்த் தண்ணிதான். நானே வடிச்சு எடுப்பேன். கட்டுகஸ்தோட்டையில இருந்து லொறிக்காரங்க இந்த அலவத்துகொடை வரைக்கும் என்னைத் தேடி வாறதுக்குக் காரணம் அதுதான். உக்காருங்க, விமலநாதன் சேர். அந்தக் கதிரையில வாணாம், கால் ஆடும். இதில உக்காருங்க.

நாளைக்கு வழக்கு. நீங்க ஆரியதாசவுக்குப் பேசுற லோயர். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு என்னட வாயாலயே கேக்கணும் எண்டு கண்டியில இருந்து வந்திருக்கீங்க. சொல்லுறேன். இங்க நம்ம ரெண்டு பேர்தான். வெளியில போய் நீங்க சொன்னா, இல்லவே இல்ல எண்டு நான் சொல்லுவேன். அதனால பேசுறதுக்கு லேசா இருக்கு.

என் தங்கச்சி கைரியாட மாப்பிள்ளை ஹபீல், வெள்ளைக்காரங்களை ஏத்திக்கிட்டு நுவரெலியா, எல்ல எண்டு சுத்துறவர். பழைய வேன் ஒண்டை வாங்கி, உள்ளுக்க கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வச்சுக் கரவனாக்கினார். அதுக்கு லித்தியம் பெட்டரி. கொண்டுவந்த அண்டைக்கே, "மச்சான், இதுக்கு உங்கட ஈயப் பெட்டரி சார்ஜரைப் போட்டுராதீங்க, இதுக்கெண்டு வேற சார்ஜர் ஈக்கி" எண்டார். எனக்கு உள்ளுக்கச் சிரிப்பு. முப்பது வருசம் பெட்டரியோட பொரண்டவனுக்கு ஸ்டியரிங் புடிக்கிறவர் பாடம் எடுக்கிறார். சரி சரி எண்டு தலையை ஆட்டினேன்.

திகனப் பக்கம் சிங்களக் கூட்டம் எங்கட ஆக்கள்ட கடைகளை எரிக்குது எண்டு கேள்விப்பட்ட நேரம் ஹபீல் கொழும்பில மாட்டிக்கிட்டார். ஊரடங்கு போட்டுட்டாங்க, ஃபோன்ல ஒண்டும் வேலை செய்யல்ல. அவர்ட வீடு ரோட்டோரம். அதனால கைரியாவும் அவட மாமி உம்மு குல்சும் உம்மாவும் என் கடைக்கு வந்துட்டாங்க. கடைக்குப் பின்னால மிளகுத் தோட்டம், அதுக்குள்ள கரவன் நிண்டது. ரோட்டில இருந்து பாத்தா தெரியாது. பள்ளிவாசலுக்குப் போகலாம் எண்டா, பள்ளியைத்தான் முதல்ல தேடி வருவாங்க எண்டு ஊரெல்லாம் பேச்சு. கரவன்தான் நல்லம் எண்டு நான் சொன்னேன்.

அண்டைக்குக் காலையில ஆரியதாச வேலிக்கு அங்கால நிண்டு கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர். "முதலாளி, பொம்பளையளை எங்கட வீட்டுக்கு அனுப்புங்க. என் வீட்டில யாரும் தேட மாட்டாங்க" எண்டார். அவர் சொன்னது சரிதான். ஆனா அவர் சிங்களவர், அது அப்பிடியான கிழமை. தேவையில்ல எண்டு அனுப்பிட்டேன். யாருக்கும் அந்தப் பயம் வந்திருக்கும், சேர்.

மாமிக்கு இழுப்பு. ஆவி புடிக்கிற மெசின் இல்லாட்டி மூச்சு வராது. கரண்ட் வந்து வந்து போச்சு, அதனால மெசின் கரவன் பெட்டரியிலதான் ஓடணும். ஹபீல்ட சார்ஜர் அவர்ட வீட்டில இருந்தது. நாலு வீடு தள்ளித்தான். ஆனா ரோட்டால நடக்கணும். நான் நடக்கல்ல. கால் வரல்ல, அவ்வளவுதான்.

என்னட சார்ஜரைப் போட்டேன். அது கடையில அசிட் வைக்கிற அறையில இருக்கு, அங்க இருந்து கரவனுக்குத் தடிச்ச வயர் ஒண்டு இழுத்தேன். கொஞ்ச நேரத்தில பெட்டரி தானா வெட்டிக்கிச்சு. உள்ளுக்க சின்ன போர்ட் ஒண்டு இருக்கு, சார்ஜ் கூடினா கதவைச் சாத்திக்கிற மாதிரி. கரண்ட் அதுக்குள்ள போகாம சுத்திப் போற மாதிரி ஒரு வயரைப் போட்டு அதுட வேலையை முடிச்சேன். எங்கட தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. பெட்டரி நிறைஞ்சுதா எண்டு பாக்க மீட்டர் வாணாம், காது போதும். நிறைஞ்சா உள்ளுக்க கொதிக்கும், சோத்துப் பானை மாதிரி சத்தம் கேக்கும். நான் குனிஞ்சு காதை வச்சுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்ல. இன்னும் நிறையல்ல போல எண்டு சார்ஜரைக் கூட்டி வச்சேன். பிறகும் கேட்டேன். பிறகும் கூட்டி வச்சேன்.

லித்தியம் கொதிக்காது எண்டு இப்பத் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும்.

பிறகு ரெண்டு பேரையும் கரவனுக்குள்ள வச்சு வெளியில பூட்டுப் போட்டேன். பூட்டிக் கிடக்கிற வேனை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கைரியா கண்ணாடிக்குப் பக்கத்தில வந்து, "நானா, பூட்டு வாணாம், எனக்குப் பயமா ஈக்கி" எண்டாள். "நான் இங்கதானே ஈக்கிறேன்" எண்டேன். அது பொய்யில்ல.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம், ரோட்டில சத்தம் கேட்டுது. ஷட்டரை உடைக்கிற சத்தம், கூட்டமாக் கத்துற சத்தம். நான் அசிட் அறைக்குள்ள போய்ச் சார்ஜருக்குப் பக்கத்தில குந்திக்கிட்டேன். உடுத்திருந்த சாரம் நனைஞ்சுபோச்சு. வெக்கப்படாம சொல்லுறேன், சேர், அப்பிடி ஒரு பயத்தை அதுக்கு முன்ன நான் பாத்ததில்ல.

முதல்ல ஒரு வாசம் வந்தது. பெற்றோல் வாசம் இல்ல, ஏதோ இனிப்பா. சுவர் ஓட்டையால பாத்தேன். கரவனுக்கு அடியில வெள்ளைப் புகை. தோட்டத்துக்குள்ள யாரும் வரல்ல, அதையும் சொல்லிடுறேன். ஒருத்தரும் வரல்ல. பிறகு கதவில தட்டுற சத்தம். கைரியா என்னைக் கூப்பிட்டாள்.

சார்ஜர் சுவிச்சு எனக்குக் கை எட்டுற தூரத்தில இருந்தது. ஆனா அது பழைய சுவிச்சு, நிப்பாட்டினா டக் எண்டு சத்தம் போடும். ரோட்டில நிக்கிறவங்களுக்குக் கேட்டுட்டா? அதனால நிப்பாட்டல்ல. சாவி என் மடியில இருந்தது. கொஞ்சத்தில ஆமி வண்டி வந்து ரோடு அமைதியாயிட்டுது. அப்பவும் நான் எழும்பல்ல. கதவைத் திறந்தா, ஹபீல் வாணாம் எண்ட வேலையை நான் செஞ்சது தெரிஞ்சிரும் எண்டு நினைச்சேனா எண்டு கேப்பீங்க. நினைச்சேன் எண்டு சொல்ல மாட்டேன். நினைக்கல்ல எண்டு சத்தியம் பண்ணவும் ஏலாது.

ஆரியதாச வேலியைப் பாய்ஞ்சு வந்தார். கையில அலவாங்கு. பூட்டை நெம்பி உடைச்சுக் கதவைத் திறந்தார், நெருப்பு வெளியில அடிச்சுது. ரெண்டு கையும் வெந்து போச்சு அவருக்கு. அப்பிடியே உள்ளுக்குப் போய் கைரியாவை இழுத்தெடுத்தார். அவளுக்கு மூச்சு இல்ல. மாமியை எடுக்க ஏலல்ல.

அதுக்குள்ள எங்கட ஆக்கள் ஓடி வந்துட்டாங்க. அவங்க கண்டது என்ன? எரியிற வேன், உடைஞ்ச பூட்டு, அலவாங்கோட நிக்கிற ஒரு சிங்களவர். நான் வெளியில வந்ததும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. "யார் செஞ்ச?" எண்டு கேட்டாங்க. நான் அவரைக் காட்டி, "இவர்தான் நிண்டார்" எண்டேன். அதில ஒரு பொய் இருக்கா? அவர்தானே நிண்டார். மிச்சத்தைப் பொலிஸ் எழுதிக்கிச்சு, நான் கையெழுத்து மட்டும்தான் வச்சேன். பேராதனை ஆஸ்பத்திரியில கைக் கட்டோட இருக்கும்போதே அவரை ரிமாண்ட் பண்ணினாங்க. வெந்த கையே சாட்சியாப் போச்சு.

ஆக்கள் மையித்தைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது நான் வயரைச் சுருட்டி உள்ளுக்க வச்சேன். தொழில்காரன் பழக்கம், சேர். வயரை வெளியில போடக் கூடாது.

ஹபீல் இப்பவும் என் வீட்டிலதான் சாப்பிடுறார். "மச்சான், நீங்க மட்டும்தான் எனக்கு ஈக்கிறீங்க" எண்டுவார். அவருக்கு நான் என்னத்தைச் சொல்ல? நான் சொல்லாம இருக்கிறது அவருக்காகத்தான்.

நீங்க அழ வாணாம், சேர். நான் யோசிச்சுத்தான் பேசுறேன். ஆரியதாச உள்ளுக்க இருந்துகொண்டு, "முதலாளி பயத்தில சொன்னது, அவரைத் திட்டாதீங்க" எண்டு உங்கள்ட்ட சொன்னாராமே. சொல்லியிருப்பார், அவர் அப்பிடிப்பட்ட மனுசன். அதனாலதான் நாளைக்கும் நான் அவரையே காட்டுவேன். நல்ல மனுசனுக்கு ஜெயிலைத் தாங்க ஏலும், சேர். என்னைப் போல பயந்தவனுக்கு ஏலாது.