மழைக்கு முன் துணி எடுப்பவள்

பிள்ளைகளே, நேற்று தேக்கா சந்தையிலிருந்து நம் தோ பாயோவுக்கு வரும் பஸ்ஸில் இருந்தபோது மழை பிடித்தது. எனக்கு முன் இருக்கையில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயோ லெட்சுமி, காயப்போட்ட துணியெல்லாம் நனையப் போகுதே!”

“நனையாதுக்கா. பெரியவ எடுத்துருவா. முன்ன கம்பத்துத் தரைவீட்டுல இருந்தப்பவும் அவதானே எடுப்பா.”

“அடிப்பாவி, ஆறு வயசுப் புள்ள! இப்ப நீங்க இருக்கறது ஒம்பதாவது மாடி லா! ஜன்னலுக்கு வெளிய நீட்டுன மூங்கில் கழிய எப்படிடி இழுப்பா?”

“நாற்காலி போட்டு ஏறி…”

லெட்சுமி அப்படியே நிறுத்தினாள். எழுந்து மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். பஸ் நின்றதும், கூடையை விட்டுவிட்டு மழையில் ஓடினாள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள், நம் மாடி வீட்டு ஜன்னலடியில் கிடந்த உங்கள் படிப்பு மேசையை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன்.