உங்க வீட்டுச் சூட்டுக் கொப்புளம்

என்னை ஊர் மேஞ்சவன்னு சொன்னியா இல்லையா? இல்ல, அத மட்டும் சொல்லு. நம்ம வீட்டு வாட்ஸப் குரூப்ல நாசூக்கா "ஒருத்தருக்கு அந்த மாதிரி நோய்"னு எழுதிட்டு, கிச்சன்ல நின்னு சொன்னது வேற. மிக்ஸி ஓடுனாலும் எனக்குக் காது கேக்கும்டி!

பையக் கீழ வை. இந்த பஸ் போனா அடுத்த பஸ் வரும். நான் இன்னும் குளிக்கல, பாரு... ஏன்னா என் பக்கெட்டு பால்கனில உக்காந்திருக்கு! என் டம்ளருக்கு செவப்பு டேப்பு! டாய்லெட் கதவுல நோட்டீஸு! ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூமக் காலி பண்ணணுமாம். இந்த வீட்டுக்கு உன்னத் தலைவியாக்குனது யாரு? கேஸ் சிலிண்டர் புக் பண்ணா தலைவியா?

ஒண்ணு கேக்கறேன். குப்பத் தொட்டியக் கிளறி என் மாத்திர அட்டைய எடுத்து, அது எதுக்குன்னு தேடிப் பாத்தியே, அந்தக் கையக் கழுவுனியா? ...அப்பறம் சுத்தத்தப் பத்திப் பேசு.

ஆமா, ஹெர்பிஸ்தான். கீழதான் வந்துச்சு. ஒண்ணுக்குப் போனா மொளகாப்பொடி தூவுன மாதிரி எரியும். ஜுரம்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டு அழுதுகிட்டே பரிட்சைக்குப் படிச்சேன். நீதான் பிளாஸ்க்ல வெந்நி வெச்சுட்டுப் போன. அன்னிக்கு நல்லாத்தான் இருந்த.

டாக்டரம்மா புண்ணுலேருந்து தொடச்செடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, "இது பெரும்பாலும் வாயில வர்ற வகைம்மா. உன் பார்ட்னருக்கு உதட்டுல கொப்புளம் வருமா?"ங்கறாங்க. நான் பேந்தப் பேந்த முழிக்கறேன். எம்.இ. படிக்கறேன், எந்தக் குழாய்ல எங்க கசியும்னு கணக்குப் போட்டுச் சொல்லுவேன். வாயில இருக்கறது கீழ வரும்னு எவளும் எனக்குச் சொல்லலயே! எப்பிடி வருமா? மூஞ்சியச் சுளிக்காத. ஓரல் செக்ஸ்ல. அவன் வாயி, என் ஒடம்பு, ரெண்டு பேருக்கும் இஷ்டம். இருபத்திநாலு வயசுல உன்கிட்ட லீவ் லெட்டர் குடுத்துட்டா பண்ணணும்?

ஊரெல்லாம் மேயல. ஒரே ஒருத்தன். உதட்டோரம் சுருசுருங்குதுன்னான், மறுநாள் கொத்தாக் கெளம்பிடுச்சு. "எங்க வீட்ல எல்லாருக்கும் வரும், சூடு"ன்னான். நான் ஒரு லூசு... பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் குடுத்து, தண்ணி நெறையக் குடின்னுட்டு, லைட்ட அணைச்சேன்! அந்தச் சுருசுருப்பு வந்தாலே கத முடிஞ்சுதாம். அப்பலேருந்து பொருக்கு உதிர்ந்து தோல் முழுசா ஆறுற வரைக்கும் அந்த வாய எங்கயும் வெக்கக்கூடாது, முத்தம்கூடக் கெடையாது. மத்த நாள்ல? புண்ணே இல்லேன்னாலும் சில சமயம் தொத்துமாம். அதுக்குத்தான் காண்டம். பொம்பளைங்க நமக்குன்னா நடுவுல போட ஒரு மெல்லிசு ரப்பர் ஷீட்டு இருக்காம். மெடிக்கல் ஷாப்ல கேட்டேன், "டேபிளுக்கு விரிக்கவா?"ங்கறான்! கெடைக்கலேன்னா காண்டத்தையே நீளவாக்குல வெட்டி விரிச்சுக்கலாம். அடிக்கடி வந்தா தெனம் மாத்திர. இவ்ளோ செஞ்சாலும் பயம் கொறையும், அடியோட போகாது. ஒருவாட்டி வந்த கிருமியும் போகாது, உள்ள தூங்கிட்டுக் கெடக்கும். ஆனா டாய்லெட் சீட்டுல, பக்கெட்டுல எல்லாம் தொத்தாதுடி! அந்த டேப்பப் பிச்சு எறி.

எவன் அவன்னா? ...சரி, நீயா கேட்டுட்ட. உங்கண்ணன்.

கத்தாத. மத்தவளுங்க கதவுல காத வெச்சிருக்காளுங்க, நிதானமாக் கேக்கட்டும். பொய்யின்னா அவனுக்கு போனப் போடு. போன மாசம் பாத்ரூம் குழாயச் சரி பண்றேன்னு வந்தானே... குழாய்ப் படிப்பு படிக்கறவ நான் வீட்ல இருக்கேன், உங்கண்ணன் எதுக்குடி வரணும்? உதட்டப் பாத்துட்டு பேஸ்ட் தடவிக்கோன்னு அட்வைஸ் பண்ணது நீதானே! பரிட்ச முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம். அவன்கிட்ட விஷயத்தச் சொன்னா, "வேற யாரோட?"ங்கறான். உதட்டுல பொருக்கு இன்னும் உதிரல, என்னைக் கேக்கறான்! சின்ன வயசுல யாரோ கொஞ்சி முத்தம் குடுத்து அவனுக்கு வந்திருக்கும். அதுக்காக நான் அவன ஊர் மேஞ்சவன்னு சொன்னனா?

எங்க எந்திரிக்கற? ஏய், நில்லு. காலங்காத்தால எதுக்கு இவ்ளோ லிப்ஸ்டிக் அப்பியிருக்க? தொட. தொடைங்கறேன்ல... ஓரத்துல என்ன அது? உங்கம்மாவுக்கும் அண்ணனுக்கும் வர்ற அதே சூடா?

பையத் தூக்கிட்டு எங்கதான் போற? ...அக்கா கொழந்தையப் பாக்கவா? அடிப்பாவி! பொறந்து கண்ணுகூட சரியாத் தெறக்கல, இந்த உதட்டோடயா? என் பக்கெட்டத் தொட மாட்ட, அதப் போய்க் கொஞ்சுவ! பச்சக் கொழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்துடி. என்ன நம்ப வேணாம், எந்த டாக்டர வேணா கேளு. ஆறுற வரைக்கும் அது பக்கமே போகாத. சண்டைய நாளைக்கும் போட்டுக்கலாம், இத மட்டும் கேளு. அக்காவுக்கு போன் பண்ணி இன்னிக்கு வரலேன்னு சொல்லு. இப்பவே. ...ம், சொல்லிட்டல்ல, சரி.

அழாத. அழுதா விட்ருவேன்னு நெனச்சியா? சாரியும் வேணாம், அதுவும் காதோட காதா வேணவே வேணாம். போனக் கையிலதான வெச்சிருக்க, குரூப்பத் தொற. எங்க எழுதுனியோ அங்கயே எழுது. உங்கண்ணனையும் அதுல சேத்துவிடு. எல்லாரும் பாக்க ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க: உங்க உதட்டுல வந்தா சூடு, என் ஒடம்புல வந்தா மட்டும் நடத்தையா?

டைப் பண்ணு. நான் இங்கயேதான் நிக்கறேன்.