காற்று எடுக்க இரண்டு பேர்

குரோய்டனில் ட்ராம் புறப்பட்டதும், எனக்கு முன்சீட்டில் இருந்த இருவரில் மூத்தவர் சொன்னார்:

“மனிசி ரெண்டு கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் என்னோட வாய் திறந்தவ. அதுவும் அந்தப் பழைய காராலதான்.”

மற்றவர் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினார். “காரால எப்பிடி அண்ணை?”

“பிரேக்குக்குள்ள காத்துப் போயிட்டுது. பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது. வீட்டு வாசல்லயே காத்தை எடுப்பம் எண்டு பாத்தன். அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒராள் பெடலை மிதிச்சுப் பிடிக்க, மற்றாள் கீழ கிடந்து நட்டைத் திறந்து பூட்டவேணும். பூட்ட முந்திக் காலை எடுத்தா, திரும்பக் காத்து உள்ள போயிடும்.”

“அக்கா வந்தவவோ?”

“வந்தவ. ஆனா கதைக்கேல்லை. மிதிச்சதுக்கு அடையாளமா ஹோர்ன் அடிச்சவ. பக்கத்து வீட்டுக்காரன் வெளியில வந்து பாக்க, வெக்கத்தில ‘மிதிச்சிட்டன்’ எண்டா. பூட்டிப்போட்டு நான் ‘விடும்’ எண்டன். பிறகு நாலு சில்லுக்கும் அதே கதைதான்.”

நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. இவ்வளவும் கேட்டபிறகு இறங்க மனம் வரவில்லை.

“இப்ப பிரேக் சரியோ?”

“மிதிச்ச இடத்தில நிக்குது. வாற சனிக்கிழமை கிளட்ச்சிலயும் காத்து எடுக்கவேணும், வந்து மிதியும் எண்டு மனிசியிட்டச் சொல்லியிருக்கிறன்.”

“கிளட்ச்சில என்ன பிழை?”

அவர் நகத்திலிருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

“கிளட்ச்சில ஒரு பிழையும் இல்லை.”