சுந்தரியைக் கேட்ட மருத்துவர்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ரஃபத் ஜஹான் அம்மையார் அவர்களே! புற்றுநோயோடு மல்லுக்கட்டி நிமிர்ந்து நிற்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையோடு, இவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் தாய்மார்களே! ஆம்பூர் மக்களே! வணக்கம்.

தொழிற்சங்க மேடைகளில் முழங்கி முழங்கியே தொண்டை முரசான இந்தக் கோதண்டபாணி, இன்று தோற்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். தோற்கடித்தது யார்? முதலாளியா? இல்லை! மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மறைக்கிறாளே, என் மனைவி சுந்தரி!

ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். மூன்றாண்டுக்கு முன் மார்பில் கட்டி. புற்று என்றார்கள். வேலூருக்கு வேன் வைத்துப் புறப்பட்டோம், பதினொரு பேர்! பெண் பார்க்கப் போனபோதுகூட ஐந்து பேர்தான்!

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மார்பை முழுதாக அகற்றலாம். அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சில வாரம் கதிர்வீச்சு கொடுக்கலாம். "இவங்களுக்கு ரெண்டுலயும் ஆயுசு ஒண்ணுதான்" என்றார். காதில் விழுந்ததா எனக்கு? "முழுசா எடுத்துடுங்க!" என்று முழங்கினேன். "கத்தியே வேணாம்" என்றார் மச்சான். ஒடுகத்தூரில் மூலிகை வைத்தியம் பார்க்கலாம் என்றார் சித்தப்பா.

"நோயாளியம்மா எங்க?" என்றார் மருத்துவர். நாற்காலிகளில் நாங்கள்! கதவோரம், எங்கள் பைகளைச் சுமந்தபடி அவள்!

"நீங்க இன்னா நினைக்கிறீங்கம்மா?"

"மொதல்ல இவங்கள வெளிய அனுப்புங்க டாக்டர்."

கை தட்டுங்கள், தட்டுங்கள்! அன்று நர்ஸம்மாவே தட்டினார்!

வெளியே பெஞ்சில் அமர்ந்து அழுதேன். கூட வந்த நண்பன் சத்தார் கேட்டான்: "இன்னா தோஸ்த், நோய்க்கு அழுவுறியா, பேச விடலன்னு அழுவுறியா?"

"பயம்டா. துளி மிச்சம் வெச்சாலும் அவ போய்டுவாளோன்னு."

"அத அண்ணிகிட்ட சொல்லு. டாக்டர்கிட்ட ஏன் கத்துற?"

உள்ளே அவள் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். மிஷின் ஓட்டக் கை வருமா? திரும்ப வந்தா இன்னா பண்றது? ஒரு வாரம் யோசிக்கலாமா? தாராளமாக யோசிக்கலாம் என்றாராம் மருத்துவர்.

அந்த வாரம் என் பயத்தை அவளிடம் சொன்னேன். முழுதும் கேட்டாள். "எனக்கும் பயம் ஜாஸ்திதான்யா. ஆனா கட்டிய மட்டும் எடுக்கட்டும். கதிர்வீச்சுக்குத் தினம் பஸ்ல போய் வர்றேன். நீயும் கூட வா. வாயத் தொறக்காம வா."

போனேன் ஐயா! ஆம்பூர் தொடங்கி வேலூர் வரை வாய் மூடிப் போனேன்! 'உடம்பு சரியில்லையா?' என்று கண்டக்டர் என்னைத்தான் கேட்டார்!

அவள் இன்று மறுபடியும் மிஷின் ஓட்டுகிறாள். வேறொரு வீட்டில் வேறொருத்தி முழுதாக எடுக்கச் சொல்லலாம், அதுவும் சரியே! அன்பர்களே, கத்தி படுவது யார் உடலில்? கதிர் பாய்வது யார் உடலில்? களைப்பும் கலக்கமும் யார் உடலில்? அவரைக் கேட்டீர்களா? கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்தீர்களா?

இங்கே பேசலாமா என்று நேற்று இவளிடம் அனுமதி கேட்டேன். "பேசு, ஆனா இருக்கறத இருக்கற மாதிரி பேசு" என்றாள். சரியாகச் சொன்னேனா சுந்தரி?

தலையாட்டிவிட்டாள்! இனி எனக்கு வேறு தீர்ப்பு வேண்டாம். காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!