முதல் கிண்ணம்

—ஏழு கிண்ணத்துலயும் ஒரே டீ இலையா பாப்பா?

—ஒரே டப்பா, ஒரே இலை. மெதுவாப் பேசுங்க அண்ணே. பேக்கிங் ஆளுங்க பதினாறு பேர் கதவுக்கு வெளிய நிக்கறாங்க.

—அவங்க எதுக்கு?

—சிரிக்கறதுக்கு. பதினோரு வருஷம் முன்னாடி என்னைப் பாத்து சிரிச்ச அதே ஆளுங்க. இன்னிக்கு சாரைப் பாத்து சிரிக்கட்டும். இந்தக் கம்பெனிக்கே டீ ருசி பாத்துச் சொல்ற பெரியவர், நாளைக்கு ரிட்டயர் ஆகறார்ல? கைக்கடிகாரத்தோட ஒரு பட்டப்பேரையும் குடுத்து அனுப்புவோம்.

—எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் வெந்நீர் ஊத்தற ஆளு. பச்சையா இருந்தா பச்சை டீ, அதுக்கு மேல எனக்குத் தெரியாது.

—‘ஏழு கிண்ணம், ஏழு ஊரு, எது எந்த ஊருன்னு சொல்லுங்க சார்’னு சொல்லி வச்சிருக்கேன். முதல் கிண்ணத்தை உறிஞ்சிட்டு, ‘சீனத்து லாங்ஜிங், சட்டியில வறுத்தது, கடலை வாசம்’பார். அடுத்தது, ‘ஜப்பான் சென்சா, ஆவியில வெந்தது, கடல்பாசி வாசம்’பார். அப்புறம் கொரியா, வியட்நாம்னு உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வருவார். வந்து இறங்கினதும் டப்பாவைக் காட்டுவேன்.

—அடிப்பாவி! பதினோரு வருஷமாவா இதை யோசிச்சே?

—இல்ல, பத்து வருஷம் அழுதேன். யோசிச்சது ஒரு வருஷந்தான்.

—ம்... ரெண்டு ஊத்தியாச்சு.

—தண்ணியை ஆற வச்சீங்கல்ல? கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பச்சைத் தேயிலை கசந்துரும்.

—எனக்கேவா? முப்பது வருஷமா இந்தக் கெட்டிலைப் புடிச்சவன் நான். ஆமா பாப்பா, சாரை விட்டுறக் கூடாதா? வயசான மனுஷன்.

—விடறதா? வேலைக்கு வந்த மூணாவது நாள் அண்ணே. அன்னிக்கும் இதே இலைதான், நிழல்ல வளத்த ஜப்பான் இலை. இங்க இருக்கற டப்பாலயே விலை ஒசந்தது. நான் ஒரு வாய் உறிஞ்சிட்டு, ‘கசக்குது சார், பழைய சரக்கு, தூக்கிப் போடுங்க’ன்னேன். அவர் தன் கிண்ணத்தைக் குடிச்சிட்டு, ‘தேனா இருக்கு. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் கஷாயம்தான்’னார். அன்னையில இருந்து என் பேரே கஷாயம். ருசி பாக்கற மேஜையில இருந்து பேக்கிங்குக்குத் தள்ளினாங்க. திரும்பி வர எட்டு வருஷம் ஆச்சு.

—தண்ணில எதாவது கோளாறா இருந்திருக்கலாம்...

—நானும் அப்படித்தான் மனசைத் தேத்திப் பாத்தேன். ஒரே கெட்டில், எல்லாருக்கும் அதே தண்ணி. கோளாறு என் நாக்குலதான். நீங்க பேசாம ஊத்துங்க. கிண்ணத்துக்கு ஒரு கதை பேசினா ஏழாவது ஐஸ் டீ ஆயிரும்.

—ஆச்சு ஆச்சு, இதுதான் ஏழு. வர்றார் பாரு, செருப்புச் சத்தம்.

—வாங்க சார். இலையை வடிச்சு எடுத்துட்டேன். கண்ணுக்கு வேலை இல்ல, நாக்குக்கு மட்டுந்தான்.

—நல்லதும்மா. நான் சொல்லச் சொல்லக் குறிச்சுக்கோ. உஸ்ஸ்... ஒண்ணு, கசப்பு. நாக்கைப் புடிச்சு இழுக்குது.

—எந்த ஊர் சார்?

—அவசரப்படாதே. உஸ்ஸ்... ரெண்டு, கசப்பு கொஞ்சம் கம்மி. உஸ்ஸ்... மூணு, இன்னும் கம்மி. நாலும் அப்படித்தான். அஞ்சுல இனிப்பு எட்டிப் பாக்குது, ஆறுல உள்ளயே வந்துருச்சு. ஏழு... தேன். குறிச்சுக்கிட்டியா?

—ஊரைச் சொல்லுங்க சார்!

—ஒரே ஊரு. ஒரே இலை. நிழல்ல வளத்த ஜப்பான் இலை. பயணம் போனது தண்ணிதான். முதல் கிண்ணத்துல கொதிச்சுது, ஏழாவதுக்கு வரும்போது ஆறிருச்சு. டப்பாவை முதுகுக்குப் பின்னாடி ஒளிக்காதே, வரும்போதே பாத்துட்டேன்.

—சார்... அது...

—எனக்கு இது வேணுந்தான். உனக்கு அந்தப் பேரை வச்சவன் நான். அன்னிக்கு உன் கிண்ணத்தை ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்னுகூட எனக்குத் தோணல. இப்ப நீ இந்த முதல் கிண்ணத்தைக் குடி.

—உஸ்ஸ்... கசக்குது சார். அய்யோ, இது... இது அதே கசப்பு.

—ஏழாவது?

—உஸ்ஸ்... தேன்.

—அன்னிக்கு நீ எங்க உக்காந்திருந்தே?

—கதவுப் பக்கம். முதல் நாற்காலி.

—நான் கடைசி நாற்காலி. குறிச்சுக்கோ.

—அண்ணே.

—சொல்லு பாப்பா.

—அன்னிக்குக் கெட்டில் யார் கையில இருந்துச்சு?

—அது வந்து... அன்னிக்கு அடுப்பு பத்த வைக்கவே லேட்டு. ஆற வைக்க நேரமில்ல. இன்னிக்கு உன்கூடப் பேசிட்டே மறந்துட்டேன். ரெண்டும் வேற வேற தப்பு பாப்பா.

—அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

—சொல்லத்தான் ஓடி வந்தேன். எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. கூட்டத்தோட கூட்டமா... நானும் சிரிச்சிட்டேன். பதினோரு வருஷமா உனக்கு மட்டும் தனியா ரெண்டு பிஸ்கட் எடுத்து வைக்கறேனே, எதுக்குன்னு நெனச்சே?

—பாசம்னு நெனச்சேன்.

—அதுவும் இருந்துச்சு.

—சார், அந்தக் கதவைத் திறங்க, பதினாறு பேரும் உள்ள வரட்டும். அண்ணே, எட்டாவதா ஒரு கிண்ணம் போடுங்க. கெட்டில் நல்லாக் கொதிக்கட்டும், ஆற வைக்க வேண்டாம். குடிக்கப் போறது நீங்க. பேர் வைக்கப் போறது நான்.