சாமி மிதித்த மண்

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு எதிரே இருவர். பெரியவர் ராசிங்காபுரத்து விவசாயி. இளையவருக்கு மலைமேல் ஏலத்தோட்டம். பெரிய மடத்துச் சாமி போடிக்கு வந்துபோய் அப்போது ஒரு மாதம்.

"இன்னைக்கும் குழி தூர்ந்து கெடக்கு மாப்ளே," என்றார் பெரியவர்.

"எந்தக் குழி மாமா?"

"சாமி காரை விட்டு எறங்கி என் வெங்காயக் காட்டுலதான நின்னாரு. அவரு மிதிச்ச மண்ணைப் பொட்டலம் கட்டி விக்கிறேன். கேரளாவுல இருந்தெல்லாம் பஸ்சுல வர்றாக. பொழுது சாயும்போது இடுப்பளவு குழி. விடிஞ்சு பாத்தா மட்டமாக் கெடக்கு."

"நல்லதுதான மாமா. அள்ள அள்ளக் கொறையல."

"எங்காடு செவக்காடு. வந்து கெடக்குறது கருப்பு மண்ணு. மக்குன எலையும் ஏலச்செடி வேருமா வருது."

ஜீப் இரண்டு வளைவு ஏறித் திரும்பியது.

"என் தோட்டத்துல ஒரு மாசமா, விடிஞ்சா ஒரு பள்ளம். பன்னி தோண்டுதுன்னு காவலுக்கு ஆள் போட்டேன். பன்னி வரல. பள்ளம் மட்டும் பெருசாகுது."

"எந்தப் பக்கம்?"

"எங்கப்பாவப் பொதச்ச பக்கம். இன்னும் ரெண்டு முழந்தான் இருக்கு. நாளைக்கி ஒரு நாள் அள்ளாதீங்க மாமா."

பெரியவர் கீழே, தூரத்தில் தெரிந்த போடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கி மூணு பஸ்சு வருதே மாப்ளே," என்றார்.